துளை போட்ட பெட்டி

சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதருக்கு நான்கு மாதம் ஆகுமா? அவர் மின்சாரக் கெட்டில் தொழிற்சாலையில் இருபது வருஷமாகத் தரம் பார்ப்பவராக இருந்தால் தாராளமாக ஆகும். எவ்வளவு நல்ல கெட்டிலானாலும் அதில் ஏதாவது ஒரு குறை ஒளிந்திருக்கும் என்று நம்பித் தேடுவதுதான் அவருக்குச் சோறு போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுவார், அந்தக் கண்ணை மட்டும் கழற்ற மாட்டார். சாம்பார் கரண்டியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மனிதரை என்ன செய்வது?

அவர் மனைவி பஸ் டிரைவர். அவளுடைய தங்கை இணையத்தில் மட்டும் ஓடுகிற ஒரு செய்தி சேனலில் பயிற்சிக்குச் சேர்ந்த அன்றைக்கே மனைவி சொல்லிவிட்டாள்: "என்னங்க, நம்ம டிவியில இன்டர்நெட் வராது. அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்காமே, வாங்கிப் போடுங்க. அவ நியூஸ் வாசிக்கிற அன்னைக்கு நான் பாத்தாகணும்."

"போன்லயே பாத்துக்கலாமே?" என்று அவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"என் தங்கச்சியக் கட்டைவிரல் உசரத்துக்கா பாக்கச் சொல்றீங்க?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. தங்கைக்குச் சின்ன வயதில் திக்கும். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி வாசிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் சிரித்து முடித்திருப்பார்கள். அழுதுகொண்டு வருகிறவளைத் தினமும் மடியில் போட்டுத் தேற்றியவள் இந்த அக்காதான். அப்படிப்பட்டவள் ஊரறியச் செய்தி வாசிக்கப் போகிறாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பெட்டி இம்மியும் பிசகக் கூடாது என்று நினைத்தார்.

நினைத்தவர் அட்டவணை போட்டார். இருபத்தேழு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பத்தொன்பது கட்டங்கள். முதல் தடவை போனபோது கடைக்காரர் டீ கொடுத்தார். மூன்றாம் தடவை நாற்காலி மட்டும் கொடுத்தார். ஏழாம் தடவை, இவர் தலை தெரிந்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். மணி அப்போது காலை பத்தரை.

எட்டாம் தடவை மாட்டிக்கொண்டார்.

"சார், இத எடுத்துக்குங்க. லினக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஓடுது. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், அதிகமா சூடாகாது. வேண்டாத ஆப்பெல்லாம் ஒட்டிக்கிட்டு வராது. ஆன் பண்ணா சேனல் வரும், அவ்வளவுதான்."

"ஆணியில மாட்ட ஓட்டை இருக்கா?"

"அது மட்டும் இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"சார், நான் விக்கிறவன். பெத்தவன் இல்ல."

பதினெட்டுக் கட்டங்களில் டிக், ஒன்றில் மட்டும் பெருக்கல் குறி. அரை மனதாக வாங்கினார். அன்று புதன்கிழமை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தங்கையின் முதல் நேரலை.

வாங்கினதும் டிவியில் மாட்டியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் ஓட்டிப் பார்க்காமல் எந்தச் சாமானையும் நம்பினவர் இல்லை அவர். பெட்டியை உள்ளறை மேஜையில் பழைய மானிட்டரோடு இணைத்து, மேலே ஒரு வெப்பமானியை ஒட்டி, மணிக்கொரு தரம் சூடு குறித்துக்கொண்டார்.

"நானும் ஒவ்வொரு ஸ்டாப்லயும் இறங்கி ஆறு டயரையும் அளந்தா எப்படிங்க இருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

"பாதுகாப்பா இருக்கும்," என்றார் அவர்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குச் சோதனை முடிந்தது. பெட்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. அவருக்கே ஆச்சரியம். பூரித்துப்போய் அட்டவணையின் அடியில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் தொழிற்சாலை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனையில் அடிபட்ட கெட்டில் தப்பித் தவறி விற்பனைக்குப் போய்விடக் கூடாது. அதனால் கையெழுத்துப் போட்ட கையோடு அதில் ஒரு துளை போட்டுவிடுவார்கள். இருபது வருஷமாகக் கையெழுத்துக்குப் பிறகு அவர் கை தேடுவது டிரில்லைத்தான். அன்றும் தேடியது. மேஜை இழுப்பறையிலேயே இருந்தது.

சத்தம் கேட்டு மனைவி சீருடையோடு ஓடி வந்தாள். பெட்டியின் மூலையில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

"என்னங்க இது?"

"பாஸாயிடுச்சு," என்றார்.

"பாஸானதுக்கா?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் தன் கையாலேயே குத்திக் கெடுத்துவிட்டோமே! கத்துவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். கத்த அவளுக்கு நேரமில்லை. வழியில் நின்றுபோன பஸ்ஸை எத்தனை தடவை கிளப்பியிருக்கிறாள்! பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள், டிவியில் செருகினாள், சுவிட்சைப் போட்டாள்.

நீல விளக்கு எரிந்தது. டிரில் இறங்கியது வெறும் பிளாஸ்டிக் மூலையில். உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை அது தொடவே இல்லை. டிவிக்குப் பக்கத்தில் காலண்டர் தொங்கிய ஆணியில் அவள் பெட்டியை மாட்டினாள். ஓட்டை அதற்கென்றே போட்டதுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது.

"உங்க லிஸ்ட்ல இருந்த ஒரு குறையும் தீந்துது," என்றாள்.

ஆறு மணி. திரை நிறையத் தங்கை. முதல் மூன்று செய்தியும் தண்ணீர்பட்ட பாடாக ஓடின. நான்காவதில் ஒரு சொல்லின் வாசலில் அவள் நின்றாள். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தச் சொல் வந்தது. அதற்குப் பிறகு தங்கு தடையே இல்லை.

முடிந்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏதாவது குறை தெரிஞ்சுதா?"

நான்காவது செய்தி, இரண்டாவது வரி, இரண்டு வினாடி. அந்தக் கண்ணுக்கா தப்பும்?

"ஒண்ணுகூட இல்ல," என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் அவர் எதையும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

"அப்ப பாஸா?"

"பாஸ்."

"நாளைக்கு அவ இங்க வர்றா," என்று எழுந்தாள். "முதல்ல அந்த டிரில்ல எடுத்து ஒளிச்சு வைக்கிறேன்."