மூன்று மணிக் காட்சி

"அம்மா, நீ வேலையைச் சரியா செஞ்சா உன்னை யாருமே பார்க்க மாட்டாங்களாமே, நிஜமா?"

மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. பழைய படங்களை மட்டுமே போடும் ஒரு சின்ன தியேட்டரில் அம்மாதான் ஆபரேட்டர்.

"நிஜம்தான். படம் அறுந்தா எல்லாரும் என் அறையைத் திரும்பி முறைப்பாங்க. அறுகலைன்னா நான் ஒருத்தி இருக்கறதே தெரியாது. சாமியக்கூடத்தான் யாரும் பார்க்கறதில்ல. அதுக்காக அவர் லீவா போட்டுட்டார்?"

இப்போது மகள் வேலைக்குப் போகிறாள். இந்தக் குளிர்காலத்தின் பெரிய காட்சிக்கு அலுவலகத் தோழிகள் நான்கு பேரை அழைத்துவருவதாகச் சொல்லியிருந்தாள். முப்பது வருடமாக யாரும் திரையில் பார்க்காத படம். அதற்கு இருந்ததே ஒரே ஒரு பிரதி. முந்தின நாள் அது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இன்னொரு பழைய பட தியேட்டரில் ஓடியது. இங்கே மூன்று மணிக்கு ஓட வேண்டும். போன வாரம் காட்சி தாமதமாகிப் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இன்றும் அப்படி ஆனால் பழைய படங்களுக்கே முழுக்குப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

வேன் பதினொரு மணிக்கு வந்தது. ஏழு டப்பாக்கள். தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் போல அத்தனை குளிர்ச்சி. அம்மா அவற்றைத் தன் அறை நடுவில் தள்ளித்தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்ப்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

"என்னக்கா, உக்காந்துட்டீங்க? திறங்க."

"இப்பத் திறந்தா ஃபிலிம்ல தண்ணி பூத்துரும். அறையோட சூடு உள்ள வரைக்கும் ஏறணும். மத்தியானம் மணி ரெண்டாயிரும்."

"அப்புறம் ஏழு ரீலையும் சுத்தணுமே. அதுக்கே ஒன்றரை மணி நேரம் வேணும்."

"வேணும்தான்."

"ஹீட்டர் பக்கத்துல கொஞ்சம் நகர்த்தி வச்சா?"

"நீங்க என்னை வேலையை விட்டு நிறுத்தலாம். இது உலகத்துக்கே ஒண்ணு. நான் கெடுக்க மாட்டேன்."

கடிகாரம் மணி பார்த்துக்கொண்டே இறங்கிப்போனார். கோபப்படவில்லை. அவரும் படப் பைத்தியம்தான்.

அவர் சொன்ன கணக்கு சரியானது. ஓடி முடிந்த ரீலில் படத்தின் முடிவுதான் மேலே இருக்கும். அதை அப்படியே அனுப்புவதும், வாங்குகிறவர் கையால் திருப்பிச் சுற்றி, விரல் நுனியால் ஓரங்களைத் தடவிக் கிழிசல் பார்ப்பதும் வழக்கம். வெளியே பனியில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் ஜன்னலை விட்டு வந்து மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டாள்.

இரண்டு மணிக்கு முதல் டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தின் தொடக்கம் மேலே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழும் அப்படியே. மூன்றாவதில் ஒரு துண்டுச் சீட்டு: 'பாதியில் ஒரு பழைய ஒட்டு. தாங்கும். மற்றதெல்லாம் விரலால் பார்த்தாச்சு.'

அக்கரை ஆபரேட்டரின் எழுத்து. கையில் எப்போதும் ஃபிலிம் ஒட்டும் பசை மணப்பதால் தொழிலில் எல்லாருக்கும் அவர் பசை அண்ணன். அவர் விரல் பார்த்துவிட்டது என்றால் அவள் விரல் பார்த்த மாதிரிதான்.

போன் செய்தாள். அவர் குரல் தணிந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கேம்மா. உன் அண்ணிக்கு நேத்து ஆபரேஷன். இப்பதான் கண்ணு முழிச்சா, காப்பி கேக்கறா. பொழைச்சா."

"இந்த நிலைமையில எதுக்குண்ணே இந்த வேலை? சுத்த வேண்டியது நான்தானே?"

"பனி கொட்டுது. டப்பா உனக்கு ஐஸா வந்து சேரும். நீயோ அவசரப்பட்டுத் திறக்கற ஆள் இல்ல. அப்புறம் சுத்த நேரம் ஏது உனக்கு? சரி, வை. நர்ஸ் முறைக்கறாங்க."

மூன்று மணிக்குத் திரை வெளுத்தது. இரண்டு எந்திரங்களுக்கு நடுவே அவள் நின்றாள். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் படத்தின் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அடுத்த புள்ளியில் ஒரு கை இதை மூட வேண்டும், மறு கை அதைத் திறக்க வேண்டும். ஆறு மாற்றங்கள். ஒன்றில்கூட ஒரு தலை திரும்பவில்லை. பழைய ஒட்டு சத்தமில்லாமல் கடந்தது. முதுகை நிமிர்த்தி, தோளை விரித்து, ராணி மாதிரி நின்றாள் அவள்.

முடிந்ததும் கீழே கைதட்டல் ஓயவே இல்லை. கடிகாரம் மணி பார்க்கக்கூட மறந்து ஓடி வந்தார்.

"முதலாளி அடுத்த குளிர்காலத்துக்கும் பழைய படமே போடச் சொல்லிட்டார்க்கா. கீழ வாங்க, உங்களை மேடையில நிறுத்தணும்ங்கறார். உங்க பொண்ணு முன்வரிசையில நின்னு, 'ஆபரேட்டர் எங்கம்மா'ன்னு கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கு."

அவள் ஓடி முடிந்த ரீலை எந்திரத்திலிருந்து கழற்றினாள்.

"சொல்லட்டும். நீங்க முன்னாடி போங்க. ரீலை எடுத்து வச்சுட்டு வரேன்."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். அந்தப் பிரதி நாளைக் காலைக் காட்சிக்கு அக்கரைக்கே திரும்புகிறது.

முதல் ரீலை மேஜையில் மாட்டினாள். இடது கை விரல்களை ஓரத்தில் வைத்து, வலது கையால் கைப்பிடியை மெல்லத் திருப்பிச் சுற்றினாள். கீழே ஒரு தரம் அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு கைதட்டல் தேய்ந்து, நாற்காலிகள் மடிந்து, கூட்டம் வெளியேறும் சத்தம் கேட்டது. அவள் இரண்டாவதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் அந்தப் பழைய ஒட்டைப் பிரித்துப் புதிதாக ஒட்டினாள்.

ஏழாவது டப்பாவை மூடினாள். சீட்டு எதுவும் வைக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மகள் காத்திருந்த இடத்துக்கு இறங்கிப்போனாள்.