முதற்பலனாகப் போன பெட்டி

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பரங்கிக்காய் போகும், வாழைத்தார் போகும், கொக்கரிக்கிற சேவல்கூடப் போகும். அந்த வரிசையில் தன் முகமும் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் என்று பிளஸ்ஸி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ரோஜா நிற அட்டைப்பெட்டி. அதன்மேல் அவள் கண், அவள் மூக்கு, அவள் கழுத்து. நிறம் மட்டும் அவளுடையது இல்லை. கம்ப்யூட்டரில் யாரோ வெளுத்துக் கொடுத்திருந்தார்கள். கீழே ‘பிளஸ்ஸி’ என்று பேர், அதற்கும் கீழே ‘ஏழே நாளில் பளிச்’.

பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். ரிட்டயரான தனசிங் வாத்தியார் கஞ்சி போட்ட சட்டையில் பூரித்துப் போயிருந்தார்.

"காலையில கொரியர்ல வந்துச்சும்மா, நீ தூங்கிட்டிருந்த. உன் கம்பெனியோட புது க்ரீமாச்சே, முதல் பெட்டி வேற. முதற்பலன் ஆண்டவருக்குத்தானே? அதான் நேரா இங்க கொண்டாந்துட்டேன்."

"அந்தப் படத்தைப் பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேனே. லட்சணமா இருக்கே!"

அவள் கம்பெனியாம்! அதைக் கைமாற்றி ஒரு வருஷம் ஆகிறது என்று அந்த மனுஷரிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்திருந்தால்தானே.

சிட்லபாக்கத்துப் பெண் இந்தக் கறுப்புத் தோலை வைத்துத்தான் மும்பையிலும் மிலானிலும் பத்து வருஷம் மேடையில் நடந்தாள். சிவப்பழகு விளம்பரத்துக்குக் கூப்பிட வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவள். முப்பத்து நாலு வயதானதும் மேடைக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். போட்ட துணிக்கடை படுத்துவிட்டது. மாடலிங் வகுப்புக்கு நாலு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் மறு மாதமே நின்றுவிட்டார்கள். கடைசியில் கீழ்க்கட்டளையில் ஒரு ஷெட் பிடித்து, கறுத்த தோலுக்கென்றே ஒரு க்ரீம் செய்தாள். அது ஓடியது. ஓடியதுதான் வினை. பெரிய கம்பெனி ஒன்று தேடி வந்து கேட்டது. இன்னும் பெரிசாக வளரும் என்று ஆசைப்பட்டு, பேரையும் முகத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தாள். "அவங்க எதை வித்தாலும் நீங்க வெளியில தப்பாப் பேச முடியாதுங்க, பரவாயில்லையா?" என்று வக்கீல் கேட்கத்தான் கேட்டார். நல்லதைத்தானே விற்பார்கள் என்றாள் மகராசி.

சபைச் செயலர் வேதசிரோமணி மைக்கைத் தட்டினார். "அடுத்து, உலகம் சுத்தின நம்ம சபைப் பொண்ணு பிளஸ்ஸியோட க்ரீம்! கடைக்கே இன்னும் வரல. யாரு கேக்குறீங்க?"

முதல் கையைத் தூக்கியது தாம்பரம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பேபி. அவள் இடுப்பை ஒட்டிக்கொண்டு மகள் கிறிஸ்டினா, ஆறாம் வகுப்பு, பிளஸ்ஸியைவிட ஒரு பிடி கறுப்பு. கிறிஸ்மஸ் நாடகத்தில் மூன்று வருஷமாகத் தேவதை வேஷம் கேட்டு, மூன்று வருஷமும் மேய்ப்பனாகவே நின்ற பிள்ளை.

அந்தப் பெட்டி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. பிளஸ்ஸியின் கை தானாக உயர்ந்தது.

பந்தலே சிரித்தது. "ஆண்டவருக்குக் குடுத்ததை அந்த வீட்டுக்காரங்களே திருப்பி எடுக்கிற வழக்கம் நம்ம சபையில இல்லம்மா," என்றார் வேதசிரோமணி.

"எவ்வளவுன்னாலும் தரேன் அங்கிள்."

"அதைக் காணிக்கையாப் போடும்மா, கர்த்தர் வேணாம்னா சொல்லப் போறார்?"

மறுபடி சிரிப்பு. மைக் நாலு அடி தூரத்தில்தான் இருந்தது. போய்ப் பிடித்து, இது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சுற்றிலும் செல்போன்கள் அவளையே படம் பிடித்துக்கொண்டிருந்தன. கேஸ், கோர்ட், அப்பா முகம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மேடை விளக்குகளுக்கு நடுவே அலட்சியமாக நடந்த கால்கள் அந்த நாலு அடிக்கு வரமாட்டேன் என்றன. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பேபிக்கே விழுந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது பிளஸ்ஸிக்கு.

பேபி பணம் கட்ட வரிசையில் நின்ற நேரத்தில், ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் பெட்டியும் கையுமாக நின்ற கிறிஸ்டினாவைப் பிளஸ்ஸி பிடித்துவிட்டாள். பட்டுப்புடவை மண்ணில் புரள முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"கிறிஸ்டி, இதைப் போடாதடா. இது பொய். இந்தப் படத்துல இருக்கிறது நான் இல்ல. என்னைப் பாரு, இதுதான் நான்."

சொல்லியாயிற்று. ஒரு பிள்ளையிடமாவது சொல்லியாயிற்று. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கிறிஸ்டினா பெட்டியைப் பார்த்தாள், பிளஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். அந்தச் சின்ன முகத்தில் அத்தனை இரக்கம்.

"தெரியும்க்கா. போட்டுகினு இருந்தீங்க, நடுவுல வுட்டுட்டீங்க. அதான் மறுபடி கறுத்துட்டீங்க. அதுக்குப் போயி அழுவாதீங்கக்கா, நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கலாம்."

பெட்டியைப் பிரித்து, மூடியைத் திருகி, விரலில் கொஞ்சம் எடுத்து, பிளஸ்ஸியின் ஈரக் கன்னத்தில் ஆசை ஆசையாகத் தடவ ஆரம்பித்தாள்.