ராஜரத்தினத்தின் தேன் நிறக் கார்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் பென்ஷன் இந்த மாதமே நின்று போகட்டும். கபாலீசுவரர் கோயில் குளத்தைப் பார்த்தபடி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறேன். எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி எனக்கு என்ன பதவி உயர்வா வரப்போகிறது?

எங்கள் மேல்வீட்டு ராஜரத்தினம் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினார். பதினான்கு வயதுக் கார். புதிதில் எண்பது லட்சமாம். இவருக்கு ஆறு லட்சத்துக்கு வந்தது. தேன் நிறம். கடைத் தேன் இல்லை, கொல்லிமலைத் தேன். காலை வெயில் பட்டால் வண்டி முழுக்கத் தித்திக்கும். என்னுடைய இருபத்தாறு வருட ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார். தங்கத் தேருக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி நின்றது போல இருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவி ஜானுவுக்கு முட்டி வலி. செவ்வாயும் வெள்ளியும் அடையாறில் பிசியோதெரபி. "நான் அந்தப் பக்கந்தான் போறேன், வாங்க மாமி" என்று ராஜரத்தினம் கதவைத் திறந்து பிடித்தார். அடையாறில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இரண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்புவார், அவ்வளவுதான். ஜானு வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"சீட்டு தானா சுடறதுன்னா. மெட்ராஸ்ல இது எதுக்குன்னு நெனச்சேன். உக்காந்தா அப்படி ஒரு இதம்."

இதம். நாற்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்தச் சொல்லை அவள் என் ஸ்கூட்டருக்கும் பயன்படுத்தியதில்லை, எனக்கும் பயன்படுத்தியதில்லை.

அன்று சாயங்காலம் பால்கனியில் நின்று அந்தக் காரைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தேன். அது 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு, ஒட்டகம் மண்டியிடுவது போல என் கண்ணெதிரே தரையில் உட்கார்ந்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் அதற்குக் காற்றுப் பைகளாம். நாலு பைக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். அடுத்த வாரம் பானெட்டைப் பார்த்தேன். ஏசி கம்ப்ரஸர் போயிற்று, எழுபதாயிரம். பின்னால் போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. பல்பு மட்டும் மாற்ற முடியாதாம், விளக்கையே மாற்ற வேண்டுமாம், நாற்பத்திரண்டாயிரம். அந்தப் பணத்துக்கு என் ஸ்கூட்டரை, மேலே உட்கார்ந்திருக்கும் என்னையும் சேர்த்து, இரண்டு தடவை வாங்கலாம். ஒருநாள் காபி குடித்துக்கொண்டே தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டேன். நாலு கண்ணாடியும் சேர்ந்து இறங்கின. பௌர்ணமி வரை ஏறவில்லை.

கியர் பாக்ஸ் போனபோது ஆறுதலுக்காக நானும் ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஆறுதலுக்காகத்தான். மெக்கானிக் ஷாஹுல் ஹமீது வண்டிக்கு அடியிலிருந்தே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்றார். ராஜரத்தினம் ஸ்டூலைத் தேடி உள்ளே போனார். நான் பக்கத்திலிருந்த சிவப்புக் காரைப் பார்த்தேன், எண்ணெய் ஒழுகியது. அதற்கடுத்ததைப் பார்த்தேன், ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. ஷாஹுல் ஹமீது வெளியே வந்து ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இன்னா சார், நீ பாக்கற வண்டியெல்லாம் புட்டுக்கினு பூடுது?"

"நான் சும்மாதானேப்பா பாக்கறேன்."

"சும்மா பாத்தாவே இப்டியா? அப்ப டெய்லி வந்து சும்மா பாரு சார். டீ, பன் பட்டர் நம்புளுது."

ஒன்பது நாள் அங்கே வேலை பார்த்தேன். நாலாம் நாள் ரிப்பேருக்கு வந்த வண்டிகளின் வரிசை கிண்டி ரயில் நிலையத்தைத் தொட்டது. பத்தாம் நாள் ஷாஹுல் ஹமீதின் சொந்த பைக் நின்றுபோனது. ஒரு சால்வை போர்த்தி என்னை மரியாதையாக அனுப்பிவிட்டார்.

போன மாதம் கார் மறுபடி தரையில் உட்கார்ந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. ராஜரத்தினம் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாங்குன ரேட்ட விட ரிப்பேருக்கு ஒரு லட்சம் கூடவே போயிடுச்சு சார். ஏரியாவுக்குள்ள ஓட்டுனா லிட்டருக்கு அஞ்சுதான் தருது. போதும். ஞாயித்துக்கிழமை பழைய வண்டி உடைக்கிறவன் வந்து எடுத்துக்கிறான்." நான் அனுதாபப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டாவது காபி கேட்டேன். அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜானுவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். முதல் வேகத்தடையில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதில் உதட்டைக் கடித்தாள். அடையாறு போய்ச் சேர்வதற்குள் பதினொரு வேகத்தடை. அதுவரை நான் அவற்றை எண்ணியதே இல்லை. திரும்பி வந்து, வாசலில் இருக்கும் ஐந்து படியை ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிறு காலை, உடைப்பவன் வருவதற்கு முன்னால், ஜானு ஒரு காகிதத்தில் உப்பு, மிளகாய், கடுகு வைத்துக்கொண்டு கீழே வந்தாள். காருக்குத் திருஷ்டி கழிக்கப் போகிறாளாம்.

ராஜரத்தினம் சோர்வாகச் சிரித்தார். "கண்ணு போட்டவங்க காலடி மண்ணு வேணுமே மாமி. இந்தத் தெருவுல யாருன்னு கண்டோம்?"

ஜானு நேரே எங்கள் வாசலுக்கு நடந்தாள். என் செருப்பு இரண்டையும் எடுத்துத் திருப்பி, காகிதத்தின் மேல் தட்டினாள். மண் விழுந்தது. ராஜரத்தினம் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாகரிகமாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பொறாமப்பட்டா உங்களுக்கு இடது புருவம் ஏறும். ரெண்டு வருஷமா அது எறங்கவேயில்லை."

மூன்று சுற்று சுற்றி, பெயிண்ட் டப்பா மூடியில் நெருப்பு வைத்தாள். இருபத்திரண்டு மிளகாய் எரிந்தது; லஸ் முனை வரை ஒருவரும் தும்மவில்லை. அவ்வளவு திருஷ்டி. கார் 'உஸ்' என்று எழுந்து நின்றது. உடைப்பவன் சங்கிலியோடு வந்தான். ராஜரத்தினம் டீக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினார்.

"மண்ணெடுத்தா மட்டும் போறாது. கண்ணையே காட்டணும்" என்றாள் ஜானு. "புரைன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. சார், செவ்வாக்கிழமை இவரையும் ஏத்திக்கறேளா?"

"தாராளமா மாமி. ஆனா சார் கண்ண மூடிக்கிட்டுதான் உக்காரணும்."

கண்ணை மூடிக்கொண்டு ஜானுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டு மெதுவாகச் சுட ஆரம்பித்தது. வேகத்தடைகளை எண்ணப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. ஜானு தூங்கிப் போயிருந்தாள், தலை என் தோளில். இதமாகத்தான் இருந்தது. இதை இங்கே மட்டுந்தான் சொல்கிறேன்.

ஒரு வாரம் விட்டு இரண்டு கண்ணிலும் புரையை எடுத்தார்கள். இத்தனை நாள் எல்லாவற்றையும் மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். கட்டைப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். ராஜரத்தினம் கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார். உள்ளே ஜானு.

கார் வெள்ளை.