கம்பி நாற்காலி சொன்ன மழை

1953 ஜூன் முதல் எங்கள் ஊரின் மறுநாள் வானிலை எல்வுட் கிரீபிளின் பின்புறத்தில் பதிந்து வந்தது. பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ப் பட்டறையில் அவருக்கு உட்காரும் வேலை. கம்பியை மர அச்சில் கையால் வளைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்துச் செய்த நாற்காலி ஒவ்வொன்றிலும், மெத்தை போடுமுன், இருநூற்றெண்பது பவுண்டு எல்வுட் கால் மணி நேரம் உட்காருவார். கம்பி நெளியாவிட்டால் அது நியூயார்க் போகும். அங்கே அதைச் சிற்பம் என்றார்கள். உட்காரவும் செய்தார்கள்.

எல்வுட்டுக்கு அங்கே வந்த கட்டிக்கு ஊசி போடப் போனபோதுதான் டாக்டர் ஷான்ஸ் அதைக் கண்டார். சாய்சதுரக் கட்டங்கள் அழியாமல் கிடந்தன, வலப்பக்கம் அகலமாக, இடப்பக்கம் நெருக்கமாக. மறுநாள், இடப்பக்கம் காட்டியபடியே, ஓடைக்கு மேற்கே மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டியது. பிப்ரவரி தோறும் வளையிலிருந்து எட்டிப்பார்க்கும் பிராணியிடம் குளிர் எப்போது விடும் என்று கேட்கிற ஊர் இது, மனிதரைக் கேட்க யாருக்கும் கூச்சமில்லை. புல் அறுப்புக் காலம் வேறு, அறுத்த புல் காயுமுன் நனைந்தால் வீண். பஞ்சாங்கத்தை மூட்டை கட்டிவிட்டு, தினமும் காலையில் விவசாயிகள் பட்டறைக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். எல்வுட்டும், பாவம், இல்லை என்று சொல்லத் தெரியாதவர், கால்சட்டையை இறக்கிக் காட்டினார்.

மெத்தை உறை தைக்கும் வெர்னாவுக்கும் அவருக்கும் நிச்சயமாகி ஆறு வருடம். தேதி கேட்டால், இந்த அறுப்பு முடியட்டும் என்பார். ஒரு நாள் அவள் வரிசையைப் பார்த்துவிட்டாள்.

"கட்டிக்கப்போறவளுக்கே காட்டாததை ஊருக்கெல்லாம் காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?"

"புல்லு நனைஞ்சிடுமே, வெர்னா..."

"அப்ப புல்லையே கட்டிக்கோங்க. வெள்ளிக்கிழமை நான் ஒஹையோ பஸ் ஏறிடுவேன். திரும்ப வரமாட்டேன்."

எல்வுட் அன்று பூரா அழுதார். அழுதுகொண்டே ஒன்பது நாற்காலிகளில் உட்கார்ந்தார், எல்லாமே தேறின. மறுநாள் காலை, வியாழக்கிழமை, வரிசைக்கு முன்னால் இடுப்பு வாரை ஒரு துளை கூடுதலாக இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இனிமே வெர்னா மட்டும்தான் பார்ப்பா. வர்ற சனிக்கிழமை கல்யாணம்."

"அதுவரைக்கும் நாங்க என்னய்யா பண்றது?"

"நனைங்க."

நனைந்தார்கள். பதினேழு வண்டிப் புல் போயிற்று. பாகு ஊற்றிச் சுட்ட பை பலகாரத்தோடு எல்லோரும் கல்யாணத்துக்கும் வந்தார்கள்.

அதன்பின் தினமும் காலை ஆறு மணிக்கு வெர்னா மாடி ஜன்னலைத் திறந்து, "கிழக்க அறுக்கலாம், மேக்க வேணாம்!" என்று கத்துவாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு காலை ஜன்னல் திறக்கவில்லை. அன்று அவர்களுக்கு மகள் பிறந்தாள். ஊர் முழுக்கப் புல் நனைந்தது.