மூன்றாம் அறையில் நின்றுபோன படம்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். சித்தி நடத்தும் பிராணிகள் விடுதிக்குள் இரண்டும் ஒரே நாளில், ஒரே வாசல் வழியாகப் புகுந்தன. கோர்ட் உத்தரவோடு வீடுவீடாக ஜப்திக்குப் போகும் அமீனா, தன் வீட்டுக்கு வெள்ளையடித்து முடியும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, செல்ல ஆமையை ஒரு கூடையில் கொண்டுவந்து விட்டார். நாக்கு நுனிக்கு வந்த பழமொழியை விழுங்கிவிட்டு, சித்தி அதற்கு மூன்றாம் அறையைக் கொடுத்தாள்.

அந்த வாரமே சர்வர் படுத்துவிட்டது.

சர்வர் என்பது வரவேற்பு மேசைக்கு அடியில், நாய் பிஸ்கட் மூட்டையோடு இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டி. ஒவ்வோர் அறையின் கேமராப் படத்தையும் உரிமையாளர்களின் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. அதற்கான நிரலை எழுதியவள் சித்தியின் அக்கா மகள். எதையும் விடாமல் கேள்வி கேட்டுக் குடைவதால் குடும்பத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர்.

"ஏண்டி, மத்தியானமானா உன் பெட்டிக்கு மூச்சு வாங்குது. பிளக்கப் புடுங்கிச் சொருகினாத்தான் எந்திரிக்குது. இதுக்கா அவ்வளவு படிச்ச?" என்று சித்தி அவளை வரவேற்றாள்.

"ஐயோ, புடுங்காதீங்க சித்தி! தடயமெல்லாம் போயிடும்."

"தடயமா? இங்க என்ன கொலையா நடந்துச்சு?"

துருவி மடிக்கணினியோடு பூனைக் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். இது மெமரி லீக் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரி போல, ஏதோ ஒன்று நினைவகத்தை வாங்கி வாங்கி அமுக்கிக்கொண்டிருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு; அவளுக்குத் தன் நிரலும் அப்படித்தான். அதனால் முதலில் கேமராவைத் திட்டினாள். பிறகு கேமரா விற்றவனைத் திட்டினாள். இரண்டாலும் பயனில்லாமல் போகவே, வேறு வழியின்றித் தன் நிரலைத் திறந்தாள்.

எல்லாவற்றையும் நடத்தும் தாய் நிரல், நினைவகத்தை அதிகம் தின்னாமல் கொடியிடையாளாகத்தான் இருந்தது. யாராவது ஓர் அறையின் படத்தைத் திறந்தால், அது ஒரு பிள்ளை நிரலைப் பெற்றுவிடும். கேமராவிலிருந்து வரும் பெரிய படத்தைப் போனுக்கு ஏற்றபடி சுருக்கித் தருவது பிள்ளையின் பாடு. துருவி பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டாள். திரை நிரம்பி வழிந்தது. படம் பார்ப்பவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பிள்ளைகளோ மாநாடு கூட்டும் அளவுக்கு இருந்தன. அத்தனையும் மூன்றாம் அறைப் பிள்ளைகள்.

"ஆமையப் பார்க்க ஊரே வருதா சித்தி?"

"அதப் பார்க்க அதோட சொந்தக்காரரத் தவிர யாருடி வருவா?"

அப்போது போன் அடித்தது. அமீனாதான்.

"ஏம்மா, மறுபடியும் படம் நின்னுபோச்சு. நானும் காலைல இருந்து பார்க்கிறேன், அப்படியே சிலை மாதிரி நிக்குது."

துருவி மூன்றாம் அறைக்கு ஓடினாள். ஆமை தண்ணீர்த் தட்டில் மூக்கை வைத்து யோசனையில் இருந்தது. தன் போனில் படத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே யோசனை. கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டினாள். போனிலும் கை ஆடியது.

"சார், படம் நல்லாத்தான் ஓடுது. ஆமைதான் நகரல."

சொல்லும்போதே துருவிக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"படம் நின்னுபோச்சுன்னு தோணினா என்ன சார் பண்ணுவீங்க?"

"மூடிட்டுத் திரும்பத் திறப்பேன்."

"எத்தனை தடவை?"

"நகர்ற வரைக்கும்மா."

துருவிக்கு விஷயம் புரிந்தது. அவர் மூடும்போது அந்தச் செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. ஆள் கிளம்பியது தெரியாமல், அது ஆமையைச் சுருக்கிச் சுருக்கித் தன்னிடமே சேர்த்துவைத்துக்கொண்டு வீங்கியிருந்தது. அவர் திறக்கத் திறக்க இன்னொரு பிள்ளை. பழி கேமராமேலும் இல்லை, அமீனாமேலும் இல்லை. மூடும்போது பிள்ளையை அனுப்பிவை என்று எழுத மறந்தவள் அவள்தான். அதைச் சித்தியிடம் சொல்லவா வேண்டும் என்று அந்த வரியைச் சத்தமில்லாமல் எழுதிச் சேர்த்தாள்.

"சார், ஒரு உதவி. நான் சொல்லச் சொல்லத் திறந்து மூடுங்க."

அமீனாவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "திறந்தாச்சு! மூடியாச்சு! திறந்தாச்சு!" என்று கோர்ட்டில் கூப்பிடும் குரலில் முழங்கினார். கூண்டிலிருந்த கிளி அதைக் கற்றுக்கொண்டு தானும் கூவ ஆரம்பித்தது. பிள்ளைகள் சமர்த்தாக வந்தன, போயின. ஆனாலும் நினைவகம் கூடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை வீங்கியது தாய்.

துருவி நகத்தைக் கடித்தாள். பிள்ளைகளை அனுப்பினாளே தவிர, அவற்றுக்குப் படம் ஊற்றிய குழாயை மூடினாளா? விருந்தாளி எழுந்து போனதைக் கவனிக்காத பரிமாறுகிறவனைப் போல, கேமராவிலிருந்து வரும் படத்தைத் தாய் ஒவ்வொரு முன்னாள் பிள்ளையின் பேரிலும் குவித்துக்கொண்டிருந்தது. பிள்ளை போகும்போதே அதன் குழாயையும் பிடுங்கிவிட இன்னும் இரண்டு வரிகள் எழுதினாள். அமீனா தொண்டை கட்டும்வரை திறந்து மூடினார். திரையில் நினைவகத்தின் அளவைக் காட்டிய கோடு வெள்ளம் வடிந்த தரையாய்ப் படுத்தது.

"சரியாயிடுச்சா? என்னவாம்?" என்றாள் சித்தி.

"சின்னக் குழாய்ப் பிரச்சினை சித்தி."

"அதான் பார்த்தேன். பிளம்பரக் கூப்பிட்டிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்."

படம் ஓடுகிறதென்று அமீனா நம்புவதற்காக, அதன் மூலையில் ஒரு கடிகாரத்தையும் வைத்தாள் துருவி. மறுநாள் சித்தி மூன்றாம் அறைக்குள் வெள்ளரிக்காய்த் துண்டோடு போனபோது, ஆமை நிஜமாகவே நடந்து வந்தது. துருவி பாய்ந்துபோய்ப் போனை எடுத்தாள்.

"சார், நடக்குது! சீக்கிரம் திறங்க!"

"திறந்துட்டேம்மா... அடடா!"

"அடேயப்பா, கழுத்த எம்மாம் நீட்டுது!" என்று பின்னால் இன்னொரு குரல் கேட்டது.

"கூட யாரு சார்?"

"இந்த வீட்டுக்காரர்மா. பீரோவ ஜப்தி பண்ண வந்தேன். அது செத்த இருக்கட்டும், ஆமை வெள்ளரிக்காய முடிக்கட்டும்."

துருவி பட்டியலைப் பார்த்தாள். மூன்றாம் அறைக்கு ஒரே ஒரு பிள்ளை. அது வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.