மாடிப்படிக்குக் கீழே சலோமி மேட்சிங்

தாவூது மரைக்காயர் காரைக்கால் கடைத்தெருவில் காம்ப்ளெக்ஸ் கட்டித் திறந்த புதிதில், ஊர் ஜனம் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனது. மொசைக் தரை அப்படிப் பளபளத்தது. எதிரும் புதிருமாகப் பதினாலு கடைகள், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, தலைக்கு மேல் காற்றாடிகள் வேறு. எண்பத்து நாலில் அது பெரிய அதிசயம். வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். திரும்பும்போது செருப்பைத் தேடி தினமும் ஒரு சண்டை நடக்கும்.

அந்தப் பதினாலில் சேராத ஒரு கடை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஆறடிக்கு நாலடி. விளக்குமாறும் வாளியும் வைக்க மரைக்காயர் ஒதுக்கியிருந்த இடம். சலோமி போய் அதைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க நிமிந்து நிக்கக்கூட முடியாதேம்மா."

"நான் நிமிந்தாலே அஞ்சடிதாங்க பாய்" என்றாள் சலோமி.

வீட்டில் தையல் மெஷின் வைத்து ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் அவள். சேலைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி வேண்டுமென்றால் பெண்கள் நாகப்பட்டினத்துக்கும் கும்பகோணத்துக்கும் பஸ் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவள் புருஷன் சூசைராஜ். அவன் மேஸ்திரியாக இருந்த அரிசி மில்லை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்து குளித்து, தலை வாரி, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த உட்கார்ந்திருப்பு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சலோமியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"காலையில நான் தைக்கணும், சமைக்கணும். கடையை நீங்க பாத்துக்கங்க. மத்தியானத்துக்கு மேல நான் வந்துடறேன். வெறும் மேட்சிங் துணி மட்டும் வச்சா போதும். நூறு கலர்ல."

நூறு கலர் என்றதுமே சூசைராஜ் பயந்துவிட்டான். ஆனாலும், "நல்ல யோசனை" என்றான்.

ஏனென்றால் சூசைராஜுக்கு நிறம் தெரியாது. ஒரேயடியாகத் தெரியாது என்றில்லை. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், கறுப்பும் வெள்ளையும் எல்லோருக்கும் தெரிவதுபோலத் தெரியும். பச்சையும் சிவப்பும் அரக்கும் காவியும்தான் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாக நிற்கும். இருபது வயதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாய் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று புதுச்சேரிக்குப் போன அன்றுதான் அது அவனுக்கே தெரிந்தது. டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். முன்னால் நின்ற பையன்கள் அதைப் பார்த்து எட்டு என்றார்கள், இருபத்தொன்பது என்றார்கள். இவனுக்குப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கண்ணில் கோளாறு என்று பேச்சுக் கிளம்பினால் எவன் பெண் கொடுப்பான்? ஊருக்கு வந்து, நெஞ்சளவு போதவில்லையாம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் சொந்தக்காரர்களுக்கு அது ஒரு தீராத வேடிக்கை. கல்யாணத்துக்குப் பிறகு சலோமியும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். முதல் வருடமே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லவில்லை. இப்படியே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

கடைக்கு மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மரைக்காயர் வீட்டிலிருந்து ஒரு தட்டு பேரீச்சம்பழம் வந்தது. 'சலோமி மேட்சிங்' என்று பெயின்டர் எழுதிய பலகையில் என்ன நிறம் என்று சூசைராஜுக்குத் தெரியாது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், அவனும் சொன்னான்.

சலோமி துணிக்கட்டுகளை அடுக்க அடுக்க, அவன் பக்கத்தில் நின்று, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தான். மேல்தட்டில் இடது ஓரம் அரக்கு. இரண்டாவது தட்டில் மூன்றாவது கிளிப்பச்சை. கீழ்தட்டு முழுக்க நீலம்; அங்கே கவலையில்லை. அதற்கு மேல் அவன் ஒரு வழியும் கண்டுபிடித்தான். யாராவது சேலையோடு வந்து நின்றால் இரண்டு மூன்று கட்டுகளை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவான்.

"டியூப் லைட்டுல கலரை நம்பாதீங்கம்மா. வாசலுக்குக் கொண்டுபோயி வெளிச்சத்துல நீங்களே வச்சுப் பாருங்க."

இதில் அவனுக்கு எதிர்பாராத பேர் கிடைத்தது. "மத்த கடையில எதையாவது தலையில கட்டிடுவாங்க. இவரு ஒருத்தருதான் நம்மளப் பாக்க விடுறாரு" என்று திருமலைராயன்பட்டினத்து அஜீசுன்னிசா தன் நாத்தனார், ஓரகத்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் கூடியது. நாணயஸ்தன் என்று ஊர் சொன்னது. நாணயஸ்தன் உள்ளுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் கடை அவனுக்குப் பிடித்துவிட்டது. படியில் ஏறுகிறவர்களின் காலடி தலைக்கு மேல் தட்தட்டென்று கேட்பது, துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கும் பெண்கள், எதிர்க்கடையில் கடிகாரம் பழுது பார்க்கும் மதார் சாகிப் பதினோரு மணிக்கு வாங்கித் தரும் டீ, எல்லாமே பிடித்திருந்தது. காலையில் சட்டை போட்டால் போக ஓர் இடம் இருந்தது. இது போனால் இன்னொன்று கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். அதைவிட, சலோமிக்குத் தெரிந்துபோனால் இந்த மனுஷனோடு பதினெட்டு வருடம் எதை நம்பிக் குடித்தனம் செய்தோம் என்று நினைத்துவிடுவாளே என்ற பயம்தான் பெரிது.

ஆவணி வந்தது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருந்தது. வடக்கேயிருந்து நடந்து வரும் கூட்டம் காவி உடுத்தி, ஜெபமாலை சொல்லிக்கொண்டே காரைக்காலைக் கடக்கும் நாட்கள். காவித் துணி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்று சலோமி முதல் நாள் சாயங்காலம் அடுக்கை மாற்றினாள். கிளிப்பச்சை மேலே போயிற்று. அந்த இடத்துக்குக் காவி வந்தது. கண் இருக்கிறவரிடம் இதை என்ன தனியாகச் சொல்வது என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை விழிதியூர் காசியம்மா அரக்கப் பரக்க வந்து நின்றாள். அவள் மகள் அஞ்சுகத்துக்குச் சின்ன வயதிலிருந்தே சலோமிதான் தைத்துக் கொடுக்கிறாள்.

"தம்பி, சலோமி இல்லியா?"

"மத்தியானந்தாம்மா வருவா."

"அஞ்சுகத்துக்கு நாளைக்கு வளைகாப்பு. கிளிப்பச்சையில சீலை எடுத்தாச்சு. ஜாக்கெட்டுத் துணி இங்கதான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்களே பாத்துக் கிழிச்சுக் குடுங்க."

"வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை..."

"எனக்குக் கண்ணுல புரை விழுந்து வருசம் ஒண்ணாச்சு. வெளிச்சத்துல பாத்தா மட்டும் என்ன தெரியப்போவுது? பஸ்ஸு நிக்கிது தம்பி!"

இரண்டாவது தட்டில் மூன்றாவது கட்டை உருவி, எண்பது சென்டி அளந்து கிழித்து, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தான். காசியம்மா ஓட்டமாக ஓடினாள்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சலோமி, மேஜையில் கிடந்த கட்டைப் பார்த்தாள்.

"காவி போயிருக்கே. கோயிலுக்கு நடக்குறவங்களா?"

"காவியா? இல்லியே. காசியம்மா வந்துச்சு. அஞ்சுகத்துக்கு வளைகாப்பாம். கிளிப்பச்சை..."

"இது கிளிப்பச்சையா? வெளையாடாதீங்க" என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவன் சொல்லிவிட்டான். புதுச்சேரி, டாக்டர், புள்ளிகள், எல்லாம். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப நெஞ்சளவு?" என்றாள் அவள், மெதுவாக.

"அது சரியாத்தான் இருந்துச்சு."

சலோமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் எம்பி மேல்தட்டிலிருந்து கிளிப்பச்சையை இழுத்து, எண்பது சென்டி கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குக் காவியக் கட்டி அனுப்பியிருக்கோம். மாதாவே! சைக்கிள எடுங்க மொதல்ல."

கடையை மதார் சாகிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வழி நெடுக அவள் கேரியரில் துணிப் பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விழிதியூரில் அதற்குள் ரகளை ஆரம்பித்திருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள். சீர்த் தட்டில் பூவுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் காவித் துணி கிடந்தது. காசியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அஞ்சுகம் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"என் மவன் சாமியாராப் போவணும்னு இத வச்சிங்களா?"

சலோமி உள்ளே நுழைந்து கையைக் கூப்பினாள். "எல்லாம் என் தப்புதாங்க. நேத்து அடுக்கை நாந்தான் மாத்தி வச்சேன். பச்சை கொண்டாந்திருக்கேன், இங்கேயே உக்காந்து தச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

அந்த அம்மாள் சலோமியை மேலும் கீழும் பார்த்தாள். "கடைக்காரி நீதானா? உனக்குப் புள்ள இல்லியாமே. அந்த வயித்தெரிச்சல்ல வேணும்னே குடுத்தனுப்புனியா?"

சலோமி கூப்பிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்த சூசைராஜ் அதைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். சைக்கிள் தடாலென்று விழுந்தது.

"அவ குடுக்கலம்மா. நாந்தான் குடுத்தேன். எனக்குக் கலர் தெரியாது. பச்சையும் காவியும் என் கண்ணுக்கு ஒண்ணுதான். பொறந்ததுலேருந்து அப்படித்தான். இவளுக்கே இன்னிக்குத்தான் தெரியும். பேசுறதா இருந்தா என்னப் பேசுங்க. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

இத்தனை பேருக்கு முன்னால் தன் குறையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறோம் என்பது கடைசி வார்த்தைக்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

முதலில் சிரித்தது காசியம்மாதான். "கண்ணு தெரியாத நான் கேக்க, கலரு தெரியாத நீங்க குடுக்க... நல்லா பண்ணுனோம் போங்க தம்பி, ஏவாரம்!" அவள் சிரித்ததும் மற்ற பெண்களுக்கும் அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்காமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து சலோமியின் கையில் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு மெஷினில் உட்கார்ந்து சலோமி ஜாக்கெட்டைத் தைத்து முடித்தாள். போட்டுப் பார்த்த அஞ்சுகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நீங்க வந்து எனக்கு வளையல் போடணும்க்கா" என்றாள். அப்போதுதான் சலோமியின் கண் கலங்கியது.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சூசைராஜ் மிதித்துக்கொண்டே பின்னால் பார்க்காமல் சொன்னான்.

"நாளையிலேருந்து கடைய நீயே பாத்துக்க சலோமி. நான் நிரவிப் பக்கம் ஏதாச்சும் மில்லுல கேட்டுப் பாக்குறேன்."

ஒரு வாய்க்கால் பாலம் கடந்தது. இன்னொன்றும் கடந்தது.

"ஏங்க," என்றாள் சலோமி. "ஒவ்வொரு சீலை கட்டுறப்பவும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லுவீங்களே. என்னத்தப் பாத்துச் சொன்னீங்க?"

அவன் கொஞ்ச தூரம் யோசித்தான்.

"புதுச் சீலை கட்டுனா நீ கண்ணாடி முன்னாடி நிக்கமாட்ட. அடுப்படி வாசல்ல வந்து நின்னு, முந்தானைய ரெண்டு தடவ நீவி விட்டுட்டு, என்னப் பாக்காத மாதிரி பாப்ப. அதப் பாத்துத்தான் சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் நெற்றி அவன் முதுகில் வந்து சாய்ந்தது. சட்டை நனைவது தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைத்து மிதித்தான்.

ஊருக்குள் வந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பப் போனான்.

"கடைக்கு விடுங்க. எட்டு மணி வரைக்கும் ஆள் வருவாங்க" என்றாள். "இன்னொண்ணு. நீங்க மில்லுக்குப் போறதா இருந்தா, அந்த எடத்துல மரைக்காயர் வாளியே வச்சுக்கட்டும். நான் மட்டும் தனியா அங்க உக்காரமாட்டேன்."

காம்ப்ளெக்ஸில் நல்ல கூட்டம். இவர்கள் உள்ளே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நடந்து வந்த களைப்போடு நாலைந்து பெண்கள் மாடிப்படிக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, காவித் துணி இருக்கா? ஆறு பேருக்கு வேணும்."

சலோமி மூலையில் உட்கார்ந்து நூல்கண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சூசைராஜின் கை பழக்கத்தில் தட்டை நோக்கி எழுந்து, பாதியில் நின்றது. எதிரே மதார் சாகிப் கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்து பார்த்தார். அஜீசுன்னிசா தன் ஓரகத்தியோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"சலோமி, இதுல காவி எது?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பு டப்பா எங்கே என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல, "ரெண்டாவது தட்டு, எடது பக்கம் மூணாவது" என்றாள்.

சூசைராஜ் அதை எடுத்து மேஜையில் விரித்து, அளக்க ஆரம்பித்தான்.