கிணறு அல்லாத புள்ளி

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். துணுக்காய் நிவாரணக் கந்தோரில் இருந்த ஒரே கணினியில், வன்னிக் கிணறுகளை வரைபடத்தில் புள்ளிகளாகப் பதிவதுதான் விமலேஸ்வரியின் வேலை. வெள்ளிதோறும் பழனியாண்டி சைக்கிளில் வந்து இறங்குவார்.

"உன்ர வெள்ளிக்கிழமை விருந்தாளி வந்திட்டார். தேத்தண்ணி ஊத்து" என்பான் பக்கத்து மேசைத் தவராசா.

அக்கராயனிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வழியில் பழனியாண்டியின் மனைவி மீனம்மா காய்ச்சலோடு விழுந்தாள். அவர் மருந்து தேடிப்போய்த் திரும்பியபோது, கூட வந்தவர்கள் பாலைமரத்தடியில் குழியை மூடிவிட்டிருந்தார்கள். ஒரு பிடி மண் போடவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தையும் படத்தில் வைக்கச் சொல்லி அவர் கெஞ்ச, விமலேஸ்வரி ஒரு புள்ளி வைத்து மீனம்மா என்று பெயரும் எழுதியிருந்தாள். அதைப் பார்க்கத்தான் வருவார்.

இந்தக் கிழமை வவுனியாவிலிருந்து உத்தரவு வந்தது. படத்தை வேறொரு மென்பொருளுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பழையதை இன்றோடு அகற்றிவிட வேண்டும். அவள் இரண்டு தரம் மாற்றிப் பார்த்தாள். புள்ளிகள் இம்மியும் பிசகாமல் போயின. பெயர்கள் போகவில்லை. எல்லாவற்றுக்கும் நேரே கிணறு, கிணறு என்றே வந்தது. தூர்ந்த கிணறுகளைத் தோண்டுகிறவர்கள் இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் மண்வெட்டியோடு புறப்படுவார்கள். படத்தைக் கொண்டுபோகும் வாகனம் மத்தியானம் வெளிக்கிடுகிறது.

பழனியாண்டி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவ பேரை மட்டும் திரும்ப எழுத ஏலாதா புள்ள?"

"கிணறைத் தவிர வேற ஒண்டையும் எடுக்கமாட்டினமாம் ஐயா."

"தோண்டிருவாங்களா?"

"மேட்டைக் கண்டால் தூர்ந்த கிணறெண்டுதான் நினைப்பினம்."

பழனியாண்டி திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அப்ப இந்தப் புள்ளிய நானே அழிக்கிறேன். எந்தப் பொத்தான்?"

அவள் காட்டினாள். அவர் உடனே தொடவில்லை. வெளியே போய் வாளித் தண்ணீரில் கைகளைக் கழுவி, சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தவராசாவும் கேலிப்பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

பழனியாண்டி பொத்தானை அழுத்தினார். புள்ளி மறைந்தது.

"அன்னைக்கு ஒரு பிடி மண்ணு போட எனக்குக் கிடைக்கல" என்றார்.

அடுத்த வெள்ளியும் வந்தார். விமலேஸ்வரி புதிய படத்தைத் திறந்து கதிரையை இழுத்துப் போட்டாள். இரண்டு கிணறுகளுக்கு நடுவே வெறும் வெள்ளை. அவர் விரல் அங்கே போய் நின்றது.